‘டீச்சர், நான் காட்டட்டுமா?’: வகுப்பறைத் தொழில்நுட்பத்தை ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து கற்பது எப்படி?

எட்டாம் வகுப்பு. சுவரில் புதிதாக மாட்டிய ஸ்மார்ட் போர்டு. டீச்சர் லேப்டாப்பை இணைக்கிறார். திரை நீலமாகவே நிற்கிறது. ரிமோட்டை இரண்டு முறை அழுத்திப் பார்க்கிறார். நாற்பது பிள்ளைகளும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வருகிறது: "டீச்சர், சோர்ஸ் மாத்தணும். நான் காட்டட்டுமா?"

இந்த இடத்தில் டீச்சருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. "எனக்குத் தெரியும், நீ உட்காரு" என்று சொல்லி போர்டை அணைத்துவிட்டு சாக்பீஸை எடுக்கலாம். "சரி, வந்து போட்டுட்டுப் போ" என்று வேலையை முடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால், "வாப்பா, ஆனா மெதுவா பண்ணு. என்ன பண்றேன்னு சொல்லிக்கிட்டே பண்ணு, நாங்களும் கத்துக்கறோம்" என்று சொல்லலாம்.

முதல் வழியில் போர்டின் மேல் தூசி படியும். இரண்டாவது வழியில் அன்றைய வேலை நடக்கும். அந்தப் பையன் லீவு போட்டால் பாடமும் லீவு. மூன்றாவது வழியில்தான் அந்த அறையில் இருக்கும் எல்லோரும் எதையாவது கற்றுக்கொள்கிறார்கள், டீச்சர் உட்பட. கல்வித் துறையில் இதை ‘சேர்ந்து கற்றல்’ என்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கும் இந்த விஷயம் ஏன் நம் வகுப்பறைகளில் அரிதாக நடக்கிறது? எங்கே நடந்திருக்கிறது? எந்த இடத்தில் இது ஆபத்தாகவும் மாறலாம்?

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 அக்டோபர் இறுதியில் மத்தியக் கல்வி அமைச்சகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2026-27 கல்வியாண்டு முதல், மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவும் கணினிசார் சிந்தனையும் பாடத்திட்டத்தில் கொண்டுவரப்படும் என்பதுதான் அது. பாடத்திட்டத்தை வகுக்க சி.பி.எஸ்.இ. அமைத்த நிபுணர் குழுவுக்குத் தலைவர், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் கார்த்திக் ராமன்.

இதைச் சொல்லிக்கொடுக்கப் போவது யார்? மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் புள்ளிவிவரப்படி, 2024-25-ல் இந்தியப் பள்ளிகளில் உள்ள ஆசிரியர்களின் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் பி.எட். படித்தபோது சாட்ஜிபிடி என்ற பெயரே கிடையாது. அது பொதுமக்களுக்கு வந்ததே 2022 நவம்பரில்தான்.

கருவிகளும் வேகமாகப் பள்ளிகளுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. அதே புள்ளிவிவரப்படி, கணினி வசதி உள்ள பள்ளிகள் ஒரே ஆண்டில் 57.2 சதவீதத்திலிருந்து 64.7 சதவீதமாகவும், இணைய வசதி உள்ளவை 53.9 சதவீதத்திலிருந்து 63.5 சதவீதமாகவும் உயர்ந்திருக்கின்றன. அதாவது, மூன்றில் ஒரு பள்ளியில் இன்னும் கணினியே இல்லை. மீதிப் பள்ளிகளிலோ கருவி வந்துவிட்டது, அதைப் பழகிய ஆள் வரவில்லை என்ற நிலை பல இடங்களில்.

"முதலில் ஆசிரியர் முழுமையாகக் கற்கட்டும், பிறகு கற்பிக்கட்டும்" என்பது கணக்குக்கும் வரலாற்றுக்கும் பொருந்தும். பித்தாகரஸ் தேற்றம் அடுத்த அப்டேட்டில் மாறாது. மென்பொருள் அப்படியில்லை. பயிற்சி முகாமில் கற்றுக்கொண்ட பட்டன் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வேறு இடத்தில் இருக்கும். ஆகவே, எத்தனை பயிற்சி கொடுத்தாலும், ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு வகுப்பில், ஆசிரியர் தனக்குத் தெரியாத ஒன்றின் முன்னால் பிள்ளைகளோடு நிற்கத்தான் போகிறார். அப்போது அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

‘சேர்ந்து கற்றல்’ என்றால் என்ன?

ஆசிரியருக்கு விடை முன்பே தெரிந்திருந்தும், "வாங்க, சேர்ந்து கண்டுபிடிக்கலாம்" என்று சொல்வது நமக்குப் பழக்கமான உத்தி. நல்ல உத்திதான். ஆனால் அது சேர்ந்து கற்றல் ஆகாது. ஆசிரியருக்கும் உண்மையிலேயே விடை தெரியாமல் இருந்து, அதை அவர் மறைக்காமல், தேடும் வேலையில் பிள்ளைகளோடு இறங்கினால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

இந்த வித்தியாசத்தை முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் சீமோர் பேப்பர்ட். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணிபுரிந்த கணித அறிஞர். குழந்தைகளுக்கான ‘லோகோ’ என்ற நிரல்மொழியை 1960-களின் இறுதியில் உருவாக்கிய குழுவில் ஒருவர். 1980-ல் வெளியான ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் அவர் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஆசிரியரும் சிறுவனும் சேர்ந்து ஒரு நிரலில் உள்ள பிழையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பாதி வழியில்தான் சிறுவனுக்கு ஒன்று உறைக்கிறது: ஆசிரியருக்கும் நிஜமாகவே விடை தெரியவில்லை! அதுவரை ஆசிரியர்கள் "சேர்ந்து செய்வோம்" என்று சொன்னபோதெல்லாம் அவர்களுக்கு விடை தெரிந்தே இருந்தது என்பதும் அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது.

நிரல் எழுதும்போது எதிர்பாராத பிழைகள் வந்துகொண்டே இருக்கும். அதனால் ஆசிரியர் நிஜமாகக் கற்பதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கிறது என்பது பேப்பர்ட்டின் வாதம். யோசித்துப் பார்த்தால், நம்மில் பலர் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் படித்தும், ஒரு பெரியவர் தெரியாத விஷயத்தை எப்படி அணுகுகிறார் என்பதை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டோம். தெரிந்ததை ஒப்பிப்பதை மட்டும்தான் பார்த்திருப்போம். முதல் வேலையில் சேர்ந்து, "இது எனக்குத் தெரியலை" என்று மேனேஜரிடம் சொல்லத் தயங்கிய அந்த வாரம் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

அப்படியென்றால் ஆசிரியரே வேண்டாமா?

இந்தக் கேள்வியை இந்தியாவில் ஒருவர் நேரடியாகச் சோதித்துப் பார்த்தார். 1999 ஜனவரியில் டெல்லி கால்காஜியில், என்.ஐ.ஐ.டி. அலுவலகத்தின் சுவரில் ஓட்டை போட்டு, பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் தொடும்படி ஒரு கணினியை வைத்தார் சுகதா மித்ரா. யாரும் சொல்லித்தரவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டு இணையத்தில் உலாவத் தொடங்கினார்கள். ‘சுவரில் ஒரு ஓட்டை’ என்று உலகப் புகழ்பெற்ற இந்தச் சோதனைக்காகவும் அதன் தொடர்ச்சிக்காகவும் 2013-ல் மித்ராவுக்கு 10 லட்சம் டாலர் டெட் பரிசு கிடைத்தது.

ஆனால் இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு. அது நடந்தது தமிழ் பேசும் பிள்ளைகளிடம். காளிக்குப்பம் என்ற கடலோரக் கிராமத்தில், ஆங்கிலத்தில் இருந்த மூலக்கூறு உயிரியல் பாடங்களைக் கணினியில் போட்டுவிட்டு, பிள்ளைகள் தாங்களாக எவ்வளவு கற்கிறார்கள் என்று மித்ராவும் ரிது டங்வாலும் ஆராய்ந்தார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வின்படி, கணினி மட்டும் இருந்தபோது பிள்ளைகளின் மதிப்பெண், பக்கத்து அரசுப் பள்ளியில் அதே பாடத்தைப் படித்தவர்களின் அளவுக்கு வந்தது. டெல்லியின் வசதியான தனியார் பள்ளி மாணவர்களை எட்டவில்லை.

பிறகு, அந்தப் பிள்ளைகளுக்குத் துணையாக ஒருவர் சேர்ந்தார். அவருக்கும் உயிரியல் தெரியாது. பாட்டி மாதிரி பின்னால் நின்று, "அட, இது எப்படி வந்துச்சு? அடுத்து என்ன? எனக்குக் கொஞ்சம் சொல்லேன்" என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. மதிப்பெண் டெல்லி மாணவர்களுக்கு இணையாக உயர்ந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. பயல் அரோரா என்ற ஆய்வாளர் இமயமலைப் பகுதியில் அல்மோரா, ஹவல்பாக் ஆகிய இரு ஊர்களில் இதே திட்டத்தின் கணினி நிலையங்களைத் தேடிப்போனபோது, அவை இயங்காமல் கிடந்தன. அவருடைய ஆய்வும் 2010-ல்தான் வந்தது. பெட்டியை வைத்துவிட்டு வந்தால் மட்டும் போதாது, அதைப் பொறுப்பேற்கும் பள்ளியும் மனிதர்களும் தேவை என்பதுதான் இத்தகைய விமர்சனங்களின் சாரம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. கற்றலுக்குத் துணை நிற்பவருக்குப் பாடமோ கருவியோ முழுதாகத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் கூடவே இருந்து, கேள்வி கேட்டு, "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று பிடித்து நிறுத்தும் ஒரு பெரியவர் கட்டாயம் தேவை.

பெரிய அளவில் இது சாத்தியமா? கேரளா என்ன செய்தது?

ஒரு கிராமத்தில் நடந்தது சரி, ஒரு மாநிலம் முழுக்க நடக்குமா? பக்கத்து மாநிலத்தின் அனுபவம் இங்கே உதவும்.

விண்வெளி விஞ்ஞானி யு.ஆர்.ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, கேரளா 2001-ல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கியது. படிப்படியாகப் பள்ளிக் கணினிகள் எல்லாம் லினக்ஸ் அடிப்படையிலான கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. வெளியில் கடைகளில் அவ்வளவாகப் பழக்கமில்லாத மென்பொருள் அது. ஆகவே ஆசிரியரும் மாணவரும் ஏறக்குறைய ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கினார்கள். இந்தத் திட்டம் 2017-ல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது.

2018 ஜனவரியில் ‘லிட்டில் கைட்ஸ்’ தொடங்கியது. உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்களைக் கொண்டு நடக்கும் ஐ.டி. கிளப் இது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இயங்குகிறது. அனிமேஷன், நிரலாக்கம், மலையாளக் கணிமை, ஹார்டுவேர், மின்னணுவியல், இணையப் பாதுகாப்பு என்று பயிற்சி நடக்கும். ஒவ்வொரு பள்ளியிலும் இதற்குப் பொறுப்பான ஆசிரியர்கள் உண்டு. அவர்களுக்கு ‘கைட் மாஸ்டர்’, ‘கைட் மிஸ்ட்ரஸ்’ என்று பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது, கற்றுக்கொண்டது எந்தத் திசையில் நகர்கிறது என்பதை. 2022 டிசம்பரில், சுமார் 2,000 பள்ளிகளுக்கு 9,000 ரோபோட்டிக்ஸ் கிட்டுகளைக் கேரள அரசு வழங்கத் தொடங்கியது. பயிற்சி முதலில் ஆசிரியர்களுக்கு, அவர்களிடமிருந்து லிட்டில் கைட்ஸ் மாணவர்களுக்கு, அந்த மாணவர்கள் வழியாக மற்ற வகுப்புகளுக்கு என்று திட்டம் போடப்பட்டது. அதே ஆண்டு மே மாதம், தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கும் வேலையும் இந்த மாணவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இலக்கு மூன்று லட்சம் தாய்மார்கள். ஓ.டி.பி. மோசடி என்றால் என்ன என்று பதினான்கு வயதுப் பிள்ளை அம்மாக்களுக்கு வகுப்பெடுக்கிறது.

ஆசிரியர்களை அம்போ என்று விட்டுவிடவில்லை என்பதும் முக்கியம். 2024 மே மாதம் தொடங்கி, 8 முதல் 12 வரையிலான வகுப்புகளைக் கையாளும் 80,000 ஆசிரியர்களுக்கு மூன்று நாள் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியைக் கைட் திட்டமிட்டு நடத்தியது. டீப்ஃபேக் போன்ற ஆபத்துகளும் அதில் பாடம். அந்த ஆண்டே ஏழாம் வகுப்பு ஐ.சி.டி. பாடநூலில், முகபாவனையை அடையாளம் காணும் நிரலைப் பிள்ளைகளே செய்து பார்க்கும் பாடம் வந்தது.

மூன்று நாளில் யாரும் நிபுணராக முடியாது. ஆனால், தெரியாத ஒன்றின் முன்னால் பதறாமல் நிற்பதற்கான தைரியம் மூன்று நாளில் வரலாம். மீதியை வகுப்பில் கற்கலாம், கற்ற மாணவர் பக்கத்திலேயே இருக்கும்போது.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு எல்லாம் தெரியும்" - உண்மையா?

சேர்ந்து கற்றலைப் பற்றிப் பேசும்போது உடனே வரும் வாக்கியம் இது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி 2001-ல் ‘டிஜிட்டல் பூர்வகுடிகள்’ என்று ஒரு சொல்லைப் பிரபலப்படுத்தினார். கணினிக் காலத்தில் பிறந்தவர்களுக்கு அதெல்லாம் தாய்மொழி மாதிரி, மூத்தவர்கள் குடியேறியவர்கள் மாதிரி என்பது அவர் வாதம். பின்னால் வந்த ஆய்வுகள் இதை ஏற்கவில்லை. 2017-ல் பால் கிர்ஷ்னர், பெட்ரோ டி ப்ரைக்கெரே இருவரும் வெளியிட்ட கட்டுரை, இப்படிப் பிறவியிலேயே திறன் பெற்ற தலைமுறை என்று ஒன்று கிடையாது என்று வாதிட்டது.

நம் நாட்டு எண்களும் இதையே காட்டுகின்றன. கிராமப்புறக் கல்வி நிலையை ஆராயும் ‘ஏசர் 2024’ அறிக்கையில், 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும் என்றார்கள். ஆனால் அதற்கு முந்தைய வாரத்தில் சமூக ஊடகத்துக்காகப் போனைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 76 சதவீதம். படிப்பு தொடர்பான வேலைக்குப் பயன்படுத்தியவர்கள் சுமார் 57 சதவீதம்.

ரீல்ஸ் எடிட் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு, ஒரு தகவல் உண்மையா என்று சரிபார்க்கத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கை வேகம் வேறு, தீர்மானிக்கும் திறன் வேறு. பிள்ளைக்கு முதலாவது இருக்கலாம். இரண்டாவது, பாடம் தெரிந்த, வாழ்க்கை தெரிந்த ஆசிரியரிடம்தான் இருக்கிறது. சேர்ந்து கற்றலில் இரண்டும் ஒரே மேசைக்கு வருகின்றன.

இன்னொரு வேறுபாடும் அந்த அறிக்கையில் இருக்கிறது. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருப்பவர்கள் ஆண்பிள்ளைகளில் சுமார் 36 சதவீதம், பெண்பிள்ளைகளில் சுமார் 27 சதவீதம். இதை வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். "யாருக்குத் தெரியும்?" என்று ஆசிரியர் கேட்டால் எழுந்து நிற்கப் போவது யார்? வீட்டில் போன் கையில் கிடைக்கும் பையன்தான். ஒவ்வொரு முறையும் அவனே எழுந்தால், ‘சேர்ந்து கற்றல்’ என்ற பெயரில் வீட்டிலிருக்கும் ஏற்றத்தாழ்வு வகுப்பிலும் தொடரும்.

ஆசிரியர் கற்றுக்கொண்டதற்கு ஓர் உதாரணம்

மகாராஷ்டிராவின் சோலாப்பூர் மாவட்டம், பரிதேவாடி கிராமம். ஜில்லா பரிஷத் தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியராகப் போன ரஞ்சித்சிங் டிசலே, தன் பள்ளிப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டு மொழி கன்னடம் என்பதைக் கவனித்தார். பாடநூலோ அவர்களுக்குப் புரியும் மொழியில் இல்லை. முதலில் பிள்ளைகளின் மொழியைத் தான் கற்றுக்கொண்டு, பாடங்களை அதில் மாற்றினார். பிறகு பாடநூலில் கியூ.ஆர். குறியீடுகளைச் சேர்த்து, ஸ்கேன் செய்தால் ஒலிக்கதையும் வீடியோ பாடமும் வரும்படி செய்தார். இந்த வேலைக்காக 2020-ல் அவருக்கு 10 லட்சம் டாலர் உலக ஆசிரியர் விருது கிடைத்தது; பாதிப் பணத்தை இறுதிச் சுற்றில் இருந்த மற்ற ஒன்பது பேருக்குப் பகிர்ந்துகொடுத்தார்.

செய்திகளில் எல்லாம் கியூ.ஆர். குறியீடுதான் பேசப்பட்டது. ஆனால் அந்தக் குறியீட்டுக்குப் பின்னால் என்ன வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவந்தது, பிள்ளைகளிடமிருந்து அவர் கற்றுக்கொண்டதால்தான்.

வகுப்பில் இதை எப்படிச் செய்வது?

இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ஒன்பதாம் வகுப்பு வடிவியல். ‘ஜியோஜீப்ரா’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. டீச்சருக்கு வடிவியல் அத்துப்படி, மென்பொருள் புதுசு. ஒரு மாணவி முக்கோணம் வரைந்து, மூன்று பக்கங்களுக்கும் மையக்குத்துக்கோடு போடுகிறாள். மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. முனையைப் பிடித்து இழுக்கலாம் என்று இன்னொருவன் கண்டுபிடிக்கிறான். இழுக்க இழுக்க, அந்தச் சந்திப்புப் புள்ளி முக்கோணத்தை விட்டு வெளியே ஓடுகிறது! "டீச்சர், தப்பாயிடுச்சு!" தப்பில்லை என்று டீச்சருக்குத் தெரியும். "எந்த நிமிஷத்துல வெளிய போச்சு? அப்போ அந்தக் கோணம் எவ்வளவு இருந்துச்சு? திரும்ப இழுத்துப் பாரு" என்கிறார். கோணம் சரியாக 90 பாகையைத் தொடும்போது புள்ளி கர்ணத்தின் நடுவில் வந்து நிற்பதையும், விரிகோணமானால் வெளியே போவதையும் வகுப்பே பார்க்கிறது. கருவியைக் காட்டியது பிள்ளைகள். கேள்வி டீச்சருடையது. வாயால் மட்டும் சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடிந்துபோயிருக்கும் விதி அது.

இரண்டாவது, சமூக அறிவியல். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் "எங்கள் ஊர் ஏரியின் வரலாற்றைப் பத்து வரியில் எழுது" என்று ஆசிரியர் தன் லேப்டாப்பில் கேட்கிறார். பதில் சரளமாக வருகிறது. சரியா என்று ஆசிரியருக்கும் தெரியாது. வந்த பத்து வரியையும் கரும்பலகையில் எழுதி, எதையெல்லாம் சரிபார்க்க முடியும் என்று பிள்ளைகளையே கோடு போடச் சொல்கிறார். ஒரு குழு ஊர்ப் பெரியவர்களிடம், ஒரு குழு பஞ்சாயத்து அலுவலகத்தில், ஒரு குழு நூலகத்தில் கேட்டு வருகிறது. அடுத்த வாரம் எத்தனை வரி தேறியது என்று எண்ணிப் பார்க்கிறார்கள். இயந்திரம் தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லும் என்ற பாடத்தை இதைவிட நன்றாக யாரும் நடத்த முடியாது.

இரண்டிலும் பொதுவாக ஆசிரியர் கடைப்பிடிக்கக்கூடியவை இவை:

1. முன்னாடியே சொல்லிவிடுவது. "இந்த ஆப் எனக்கும் புதுசு. பாடம் எனக்குத் தெரியும், ஆப்பை நாம சேர்ந்து பார்ப்போம்." மாட்டிக்கொண்ட பிறகு சொன்னால் அது சமாளிப்பு; ஆரம்பத்திலேயே சொன்னால் மரியாதை குறையாது.

2. தனியாக அரை மணி நேரம் தொட்டுப் பார்ப்பது. தெரியாமல் இருப்பது வேறு, தயாராகாமல் வருவது வேறு. எங்கே சிக்கும், எது ஆபத்து என்கிற அளவுக்காவது முன்கூட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

3. வாய்விட்டு யோசிப்பது. "இந்த பட்டன் வேலை செய்யலை. முதல்ல கேபிளைப் பார்ப்போம், அப்புறம் செட்டிங்ஸ்." பிழையைத் தேடும் வரிசைதான் பிள்ளைகளுக்கு உண்மையான பாடம்.

4. காட்டும் பிள்ளை கருவியைத் தானே பிடித்துக்கொள்ளாமல் பார்ப்பது. தெரிந்தவர் வாயால் சொல்ல வேண்டும், தெரியாதவர் கையால் செய்ய வேண்டும்.

5. ஆளை மாற்றிக்கொண்டே இருப்பது. இந்த வாரம் இந்த பெஞ்ச், அடுத்த வாரம் அந்த பெஞ்ச். கை தூக்காத பெண்பிள்ளைகளுக்கு முறை கட்டாயம் வர வேண்டும்.

6. கற்றதை எழுதி ஒட்டுவது. ஸ்மார்ட் போர்டு பக்கத்தில் பிள்ளைகள் கையெழுத்தில் ஒரு தாள்: திரை வராவிட்டால் என்ன செய்வது, சத்தம் வராவிட்டால் என்ன செய்வது. அந்தப் பையன் லீவு போட்டாலும் பாடம் நடக்கும்.

எங்கே இது கூடாது?

பாதுகாப்பு விஷயத்தில் "சேர்ந்து பார்ப்போம்" என்பது பொறுப்பின்மை. ஒரு செயலி பிள்ளைகளின் பெயர், படம், குரலைக் கேட்டால், அது எங்கே போகிறது என்பதைப் பெரியவர்கள் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தைகள் என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம்கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன; கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. சாட்ஜிபிடியின் சொந்த விதியே, 13 வயதுக்குக் கீழுள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது, 18 வயது வரை பெற்றோர் அனுமதி தேவை என்பதுதான். மேலே ஏரி உதாரணத்தில் ஆசிரியர் தன் கணினியில் கேட்டது அதனால்தான்.

மதிப்பெண்ணும் அப்படித்தான். இருவரும் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கும் கருவியை வைத்துத் தேர்வு நடத்தினால், சோதிக்கப்படுவது பாடமாக இருக்காது. யார் வீட்டில் கணினி இருக்கிறது என்பதாக இருக்கும்.

மூன்றாவது ஆபத்து நிர்வாகத்திடமிருந்து வரும். "பசங்க கிட்ட கேட்டுக்கங்க" என்று சொல்லி ஆசிரியர் பயிற்சியை வெட்டிவிட இது ஒரு சாக்காக மாறலாம். தேசியக் கல்விக் கொள்கை 2020, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரத் தொழில்முறை வளர்ச்சிப் பயிற்சி வேண்டும் என்கிறது. அந்த நேரம் நிஜமாகக் கிடைத்தால்தான் சேர்ந்து கற்றலுக்கு அடித்தளம் இருக்கும்.

அப்புறம் தடை எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் பயத்தில். ஆய்வுக்கு அதிகாரி வந்து நிற்கும்போது, வகுப்பில் ஒரு மாணவி போர்டில் நின்று ஆசிரியருக்குக் காட்டிக்கொண்டிருந்தால், குறிப்பேட்டில் என்ன எழுதப்படும்? "ஆசிரியருக்குத் தெரியவில்லை" என்றா, "வகுப்பு நன்றாக நடக்கிறது" என்றா? பாடப்பகுதியை முடிக்கும் அவசரம், நாற்பது ஐம்பது பேர் கொண்ட வகுப்பு, கருவி உடைந்தால் யார் பொறுப்பு என்ற கவலை என எல்லாம் சேர்ந்து, ஆசிரியரை முதல் வழிக்கே தள்ளுகின்றன: "எனக்குத் தெரியும், நீ உட்காரு."

2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில், தேர்வான ஒவ்வொரு பள்ளிக்கும் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. இதுவரை 10,000 ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 ஆய்வகங்கள் என்று 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. 3டி பிரிண்டரும் சென்சாரும் வாங்கப் பணம் இருக்கும். "உடைஞ்சா உடையட்டும், திறந்து பாருங்க" என்று சொல்லும் துணிச்சலைத் தலைமையாசிரியருக்குக் கொடுப்பது யார் என்பதில்தான் அந்த அறை பூட்டிக் கிடக்குமா, புழங்குமா என்பது இருக்கிறது.

உங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இதைப் படிக்கும் உங்களில் சிலர் வார இறுதியில் பள்ளிகளுக்குத் தன்னார்வலராகப் போகிறவர்களாக இருக்கலாம். போகும்போது ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்துவிட்டு டாடா காட்டிவிட்டு வராதீர்கள். அங்கிருக்கும் ஆசிரியரையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கையில் மவுஸைக் கொடுங்கள். நீங்கள் போன பிறகும் அங்கே இருக்கப்போவது அவர்தான்.

உங்கள் பிள்ளையோ, அக்கா பிள்ளையோ பள்ளியிலிருந்து வந்து, "இன்னைக்கு டீச்சருக்கு நான்தான் போர்டு ஆன் பண்ணிக் குடுத்தேன்" என்று பெருமையாகச் சொன்னால், "உங்க டீச்சருக்கு அதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிடாதீர்கள். "அப்படியா, எப்படிப் பண்ணினே? எனக்கும் சொல்லு" என்று கேளுங்கள். முடிந்தால் இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: "நாளைக்கு யார் முறை?"